வளையம் வைத்த பொற்காசு

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் அந்தக் காலத்தில் இருந்த தமிழர்களில் அரைவாசிப் பேருக்குப் பாலேந்திரா என்ற பெயர் தெரியாது. கன்னாதிட்டி அண்ணை என்றால் தெரியும். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் ஒரு நகைக்கடையின் பின்கட்டில் இருபது வருடம் குனிந்த தலை நிமிராமல் இருந்து தாலி செய்தவர். டென்மார்க்குக்கு வந்து, அதே மாதிரிக் குனிந்த தலை நிமிராமல் வயலில் கல் பொறுக்கினார். "குனியிறது மாறேல்லை, குனிஞ்சு பாக்கிற சாமான்தான் மாறிப்போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை 1986ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

அவருடைய மனைவி அருள்நாயகி ஊரில் இருந்தாள். கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம். பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, ஒருவருக்கு ஒருவர் பிள்ளையாய் இருந்து பழகிவிட்டார்கள். அவர் கடையிலிருந்து வரப் பிந்தினால் அவள் சாப்பிடாமல் இருப்பாள். அவள் சாப்பிடாமல் இருப்பாள் என்பதற்காகவே அவர் பிந்தமாட்டார். 1984இல் இராணுவச் சுற்றிவளைப்புகள் தொடங்கி, ஆண் என்றால் வயதும் பாராமல் ஏற்றிக்கொண்டு போன நாட்களில், அவள்தான் அவரை வெளிக்கிடச் சொன்னாள்.

பயணத்துக்கு விற்க வீட்டில் இருந்தது ஒரே ஒரு சாமான். அது அவளுடைய தாலிக்கொடி. கலியாணத்துக்கு அவரே தன் கையால் இழைத்த கொடி. நடுவில் தாலி, அதற்கு இரண்டு பக்கமும் வளையம் வைத்துக் கோத்த பவுண் காசு இரண்டு. அவள் கொடியைக் கழற்றி, தாலியை மட்டும் மஞ்சட்கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, கயித்திலை கிடந்தாலும் தாலி தாலிதான். இதை வித்துப்போட்டு நீங்கள் போங்கோ."

"போய்ச் சேர்ந்த உடனை முதல் வேலை உம்மடை கொடிதான், நாயகி. ரெண்டு பக்கமும் காசு வைச்சுச் செய்து தருவன்."

"எனக்கு ஒரு பக்கத்துக்குக் காசு போதும். மற்றப் பக்கத்துக்கு நீங்கள் இருந்தாச் சரி."

இந்தக் கடைசி வசனத்தை அவர் கொழும்பிலும், கிழக்கு பெர்லினிலும், கப்பலில் ஏறி டென்மார்க்கில் கால் வைத்த அன்றும் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்டது ஒரு காசு. அந்த ஒன்றையாவது செய்து கொடுக்காமல் அவளை விமான நிலையத்தில் போய்க் கூப்பிடுவதில்லை என்பது அவருடைய முடிவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கன்னாதிட்டியில் சனம் பாலேந்திராவிடம் பவுணைக் கொடுத்தால் நிறுத்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போகும். நாணயமான மனுசன் என்று பெயர். நாணயம் என்று தமிழில் காசையும் சொல்கிறோம், நேர்மையையும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் ஏன் வைத்தார்களோ தெரியாது, அந்த இரண்டும் இந்த மனிதரின் உள்ளங்கையில் வந்து முட்டிக்கொண்டன.

1985 கோடையில் அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. கிடைத்த கிழமையே மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டவர் பகுதிக்குப் போய் நிற்பார். அங்கே இருந்த அதிகாரி பொல்லாதவர் இல்லை. கோப்பை எடுத்துப் புரட்டுவார், கன்னத்தைச் சொறிவார், பிறகு ஒரே ஒரு சொல் சொல்வார். "மோஸ்கே."

அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து மேரிசெலினிடம் கேட்டார். மேரிசெலின் மன்னார்ப் பிள்ளை, தையல் தொழிற்சாலையில் வேலை, கீழ்மாடியில் இருந்தாள். ஊர்ச் சனத்தில் டேனிஷ் அவளுக்குத்தான் முதலில் நாக்கில் ஏறியது.

"ஒருவேளை எண்டு அர்த்தம் அண்ணை."

"ஒருவேளை வருவாவோ, ஒருவேளை வரமாட்டாவோ?"

"ரெண்டும்தான்."

இப்படித்தான் அவர் டேனிஷில் முதன்முதலாக ஒரு சொல்லை முழுக்க விளங்கிக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். நாளைக்கு மழை வருமா என்றால் மோஸ்கே. கறிக்கு உப்புக் காணுமா என்றால் மோஸ்கே. மொழி வகுப்பில் இருந்தவர்கள் அவரை வைத்துப் பகிடி பண்ணினார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார்.

1986 சித்திரை மாதம் ஹேர்னிங்குக்கு மேற்கே ஒரு பண்ணையில் கல் பொறுக்கும் வேலை கிடைத்தது. ஹேர்னிங் இருக்கிற யூலாந்து மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மாரிக் குளிரில் நிலம் இறுகி விரியும்போது, அடியில் கிடக்கும் கற்களை மேலே தள்ளிவிடும். போன வருடம் துப்புரவாகப் பொறுக்கிய வயலில் இந்த வருடம் புதுக்கல் கிடக்கும். விதைக்கும் முன்னம் ட்ரக்டருக்குப் பின்னால் நடந்து, கண்ட கல்லை எல்லாம் எடுத்துப் பெட்டியில் எறிய வேண்டும். முதுகு முறியும் வேலை.

மற்றவர்கள் கல்லைக் கல்லாகத்தான் பார்த்தார்கள். பாலேந்திரா கறுப்பாய், வழுவழுப்பாய் ஒரு கல் கிடைக்காதா என்று பார்த்தார். ஊரில் விட்டுவிட்டு வந்த உரைகல் ஞாபகம். மூன்றாம் நாள் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. எடுக்கக் குனிந்தார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், மண்ணுக்கு வெளியே நகத்தளவு தெரிந்துகொண்டு கிடந்தது ஒரு மஞ்சள் நிறம்.

பவுண் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கணமும் எடுக்கவில்லை. பெருவிரல் நுனியிலும் சற்றுப் பெரிது, கடுதாசி மாதிரி மெல்லிசு. ஒரு பக்கம் அங்கி போட்ட ஒரு ஆள் நின்றான். மறு பக்கம் சிலுவையும் கேடயங்களும். வட்டம் சரியான வட்டம் இல்லை, ஓரத்து எழுத்துகள் ஒரு பக்கத்தில் வெளியே ஓடிப்போயிருந்தன. நின்ற ஆளுக்கு மூக்கு இரண்டு இருந்தது. பாலேந்திரா வயலில் நின்றபடியே சிரித்தார். இயந்திரம் அடித்த காசு இல்லை, எவனோ ஒருவன் அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறான், முதல் அடியில் சுத்தியல் துள்ளிவிட்டது, இரண்டாம் தரம் அடித்திருக்கிறான். தொழில்காரனின் பிழை தொழில்காரனுக்குத் தெரியும்.

அவர் காசை வாயில் வைத்து ஈரப்படுத்தி, காற்சட்டையில் துடைத்து, சட்டைப்பைக்குள் போட்டார். பண்ணைக்காரரிடம் சொல்லவில்லை. இருபது வருடம் அடுத்தவன் பவுணில் ஒரு தூளைக்கூடத் தொடாத மனிதர் இதை எப்படிச் செய்தார் என்று கேட்டால், அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவள் கேட்டது ஒரு காசு. கிடைத்தது ஒரு காசு. நடுவில் வேறு ஆளுக்கு என்ன வேலை?

வீட்டுக்கு வந்து, கூடவே எடுத்து வந்த அந்தக் கறுப்புக் கல்லில் காசை ஒரு கோடும், தன் கலியாண மோதிரத்தை ஒரு கோடும் உரைத்துப் பார்த்தார். மோதிரத்தின் கோடு சிவந்து கிடந்தது. காசின் கோடு வெளிறிப்போய் இருந்தது. "கள்ளன்" என்றார், நூற்றாண்டுக் கணக்கில் முன்னம் செத்துப்போன ஒருவனைப் பார்த்து. பவுண் காசு என்று சொல்லி அடித்தவன் வெள்ளியை நன்றாய்க் கலந்து அடித்திருக்கிறான்.

ஆனாலும் அவளுக்கென்று கிடைத்த காசு. அதற்கு வளையம் வைக்கிற பவுண் கலப்படமாய் இருக்கக்கூடாது. தன் மோதிரத்தின் அடிப்பக்கத்தில், உள்ளங்கைக்குள் மறைகிற இடத்தில், கடுகளவுக்குக் கொஞ்சம் கூட வெட்டி எடுத்தார். மருந்துக்கடையில் மேரிசெலினைக் கேட்கச் சொல்லி, ஒட்டுப் பிடிக்க வெண்காரம் வாங்கினார். கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் சிறிய வாயு அடுப்பைக் குசினியில் மூட்டி, உடைந்த ஓட்டுத்துண்டின் மேல் காசை வைத்து, வெட்டிய பவுணில் செய்த வளையத்தை அதில் பற்றவைத்தார். ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. சிவப்புத் தாளில் சுற்றினால்தான் நகை நகையாய் இருக்கும் என்று ஒரு பரிசுப்பொதித் தாளைக் கிழித்து அதில் சுற்றி வைத்தார். மேரிசெலினுக்கு மட்டும் காட்டினார்.

"வடிவாயிருக்கு அண்ணை. அக்கா வந்து போட்டாப் பிறகு ஒருக்கால் எனக்குக் காட்டச் சொல்லுங்கோ."

"போட்டுக்கொண்டே உம்மடை வீட்டுக்கு வருவா, பிள்ளை."

வைகாசி மாதம் பொலிஸிலிருந்து கடிதம் வந்தது. மனைவியின் புதுப்படம் இரண்டு வேண்டுமாம். படம் கேட்கிறார்கள் என்றால் அலுவல் நடக்கிறது என்றுதானே அர்த்தம். அவர் அன்றைக்கே ஊருக்கு எழுதினார். யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் நல்ல ஸ்ரூடியோவில் எடும், முகத்தில் வெளிச்சம் விழாத, சோதி இல்லாத படம் எடுத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு தரம் அடிக்கோடு போட்டு எழுதினார்.

அதே கிழமை மொழி வகுப்பில் ஆசிரியை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து வாசிக்கக் கொடுத்தா. எங்கேயோ ஒருவர் வயலில் பழைய வெள்ளிக்காசு எடுத்து ஒப்படைத்த செய்தி. அதில் ஒரு சொல் இருந்தது: டானஃபே. மண்ணுக்குள் இருந்து வருகிற பழைய பவுணும் வெள்ளியும் அரசாங்கத்துக்குச் சொந்தம், அதற்குத்தான் அந்தப் பெயர், எடுத்தவர் மறைத்து வைத்தால் குற்றம் என்று அன்று பின்னேரம் வீட்டில் மேரிசெலின் விளங்கப்படுத்தினாள். குற்றம் என்றால் பொலிஸ். பொலிஸ் என்றால் அருள்நாயகியின் கோப்பு இருக்கிற அதே கட்டடம். பாலேந்திரா சிவப்புத் தாள் பொதியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"கொண்டுபோய்க் குடுங்கோ அண்ணை. கண்டெடுத்தது எண்டு சொன்னா ஒண்டும் செய்யமாட்டினம்."

"வளையம்?"

"நான்தான் வைச்சனான் எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ."

"அரசாங்கத்தின்ரை காசைச் சுட்டுப் பழுதாக்கினவன் எண்டு எழுதுவினம், பிள்ளை. அந்த எழுத்து அவவின்ரை பைலுக்குள்ளை போய்க் கிடக்கும்."

"அப்ப வளையத்தை எடுத்துப்போட்டுக் குடுங்கோவன். உங்களுக்கு ஒரு நிமிச வேலைதானே."

ஒரு நிமிட வேலைதான். அவர் அரத்தை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று நாள் வைத்தது வைத்தபடி கிடந்தது. தாலிக்கென்று வைத்த வளையத்தை, கட்டியவள் கழுத்தில் ஏறும் முன்னமே, கட்டியவன் கையாலேயே அறுப்பதா? கன்னாதிட்டியில் எந்தத் தொழில்காரனிடமும் கேட்டுப் பாருங்கள், கையைப் பின்னுக்கு இழுத்துவிடுவான். பாலேந்திராவும் இழுத்துவிட்டார். அறுப்பது அபசகுனம் என்று பயந்து, அதைவிடப் பொய் சொல்லலாம் என்று முடிவெடுத்தார். அவர் விட்ட பிழை இதுதான், இதைத் தாலி கட்டாத வேறு எந்தச் சனமும் விட்டிருக்காது.

மேரிசெலின் கூட வருகிறேன் என்றாள். அவர் விடவில்லை. "பொய் சொல்லுறதெண்டா நான் தனியச் சொல்லுறன். உம்மடை வாயாலை அது வரவேண்டாம்" என்றார்.

ஆனி பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை காலை, ஹேர்னிங் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே பழைய பொருட்களுக்குப் பொறுப்பாயிருந்தவளின் பெயர் கிர்ஸ்டன். ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பாலேந்திரா வழிமுழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்த மூன்று வசனங்களைச் சொன்னார். நான் கண்டெடுத்தேன். வயலில் கண்டெடுத்தேன். இப்படியேதான் கண்டெடுத்தேன். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

கிர்ஸ்டன் குரலைக் கவனிக்கவில்லை. காசைக் கண்டதும் அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள், புத்தகம் ஒன்றை எடுத்தாள், ஓயாமல் கதைத்தாள். பாலேந்திரா எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். விளங்காத இடத்தில் ஓம் போடுவது மரியாதை என்றுதானே நாங்கள் வளர்ந்தோம். நடுவில் அவள் அவருடைய மோதிரத்தைக் காட்டி, கலியாணம் முடித்தவரா என்று கேட்டாள். வெட்டின இடம் தெரியாமல் அவர் கையை மூடிக்கொண்டு, "என் மனைவி. வருவா" என்றார். அந்த வசனம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு கிர்ஸ்டன் வளையத்தைப் பூதக்கண்ணாடிக்குள் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. மெதுவாக, ஒரு நீண்ட வசனம் சொன்னாள். அந்த வசனத்துக்குள் அவருக்குத் தெரிந்த சொற்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அவள் என்ற சொல். மற்றது மோஸ்கே.

அவருடைய மனைவியைப் பற்றித்தான் கதைக்கிறாள், ஒருவேளை வருவாள் என்கிறாள் என்று அவர் நினைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "யா, யா. மோஸ்கே" என்றார்.

கிர்ஸ்டன் அவரை ஒருமாதிரி இரக்கமாய்ப் பார்த்துவிட்டு, கடுதாசியில் ஏதோ எழுதினாள். கை கொடுத்து அனுப்பினாள். பொய் சொன்ன பாரம் ஒரு பக்கம் இருந்தாலும், பயம் போய்விட்டது. காசு போனால் போகட்டும், நாயகி வந்த பிறகு வேறு செய்யலாம் என்று வழியில் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஆடி மூன்றாம் திகதி ஊரிலிருந்து கடிதம் வந்தது. அருள்நாயகியின் தம்பி எழுதியிருந்தான். அக்கா ஆனி ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை ரவுணுக்குப் போய்ப் படம் எடுத்தா, திரும்பி வரும்போது பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஷெல் விழுந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது, அன்றைக்கு ஊரில் ஆமி முகாமிலிருந்து வெளிக்கிடும் என்ற கதை இருந்தபடியால் வைத்திருக்க ஏலாமல் அடுத்த நாளே பிரேதத்தை எடுத்துவிட்டோம். ஸ்ரூடியோக்காரர் படத்தைக் கழுவி வைத்திருந்தார், அதையும் வைத்து அனுப்புகிறேன் அத்தான்.

படத்தில் அவள் நீலக் கரைச்சேலை உடுத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதி நல்ல சோதி. மஞ்சட்கயிற்றைச் சட்டைக்குள் விடாமல் வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். பொலிஸ்காரருக்குத்தான் படம், ஆனால் பார்க்கப்போகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

மேரிசெலின் மேலே ஓடி வந்தபோது அவர் குசினி மேசையில் அந்தக் கடித உறையைத் தடவித் தடவி மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "நான்தான் பிள்ளை ரவுணுக்குப் போய் எடுக்கச் சொன்னனான். ஊருக்குள்ளையே ஒரு ஸ்ரூடியோ இருக்கு. நான்தான் அடிக்கோடு போட்டனான்" என்றார். அதையே அன்று முழுக்கச் சொன்னார். மேரிசெலின் அழுதாள். அவர் அழவில்லை, அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை அவர் பழக்கதோஷத்தில் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. அதிகாரி அவரைக் கண்டதும் எழும்பி நின்றார். ஒரு வருடத்தில் முதன்முதலாக மோஸ்கே என்று சொல்லவில்லை. "யா" என்று சொல்லி, முத்திரை குத்திய அனுமதிக் கடிதத்தை நீட்டினார். பாவம், அந்த மனிதருக்கும் சந்தோசம். பாலேந்திரா அதைக் கெடுக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கி, நாலாக மடித்து, முன்னம் காசு இருந்த சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

மார்கழி தொடக்கத்தில் மேரிசெலின் பத்திரிகையில் பார்த்தாள். அந்த வருடம் அந்தப் பகுதியில் கிடைத்த பழம்பொருட்களை ஹேர்னிங் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாம். ஆராய்ச்சிக்காகக் கொப்பன்ஹேகனுக்குப் போன காசும் காட்சிக்காகத் திரும்பி வந்திருக்கிறது. போவோமா என்று கேட்கப் பயந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, கேட்டாள். அவர் மறுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் துணியில் காசு தனியே இருந்தது. கீழே ஒரு அட்டை. மேரிசெலின் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"மாஸ் எண்ட ஆத்தங்கரையிலை, பதினாறாம் நூற்றாண்டிலை, ஒரு சின்னப் பிரபு அடிச்ச காசாம் அண்ணை. ஒரு கோட்டையும் நாலைஞ்சு ஊரும்தான் அவனுக்கு இருந்ததாம். பெரிய இடத்துக் காசு மாதிரியே அச்சு வெட்டி, பவுணைக் குறைச்சு அடிச்சவனாம். இஞ்சத்தையான் ஆக்கள் எருதுகளை நடத்திக்கொண்டு போய்த் தெற்கிலை வித்துப்போட்டு இப்பிடிக் காசு கொண்டு வந்தவையாம்."

"கலப்படம் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

"அதையும் போட்டிருக்கினம். காசின்ரை பவுணை விட வளையத்தின்ரை பவுண் திறமாம். அடிச்ச பிரபு ஏமாத்தினான், வளையம் செய்தவன் ஏமாத்தேல்லை எண்டு." அவள் நிறுத்தினாள்.

"பிறகு?"

"அவ்வளவுதான் அண்ணை."

"இன்னும் ஒரு வரி கிடக்கு."

மேரிசெலினுக்குப் பொய் வராது. மெதுவாகச் சொன்னாள். "சங்கிலியிலை கிடந்தா வளையத்துக்குள்ளை தேய்மானம் இருக்குமாம். இதிலை இல்லையாம். ஆருக்குச் செய்ததோ, அந்த மனுசி இதைப் போட முன்னம் ஒருவேளை செத்துப்போயிருப்பா எண்டு எழுதியிருக்கினம்."

பாலேந்திரா கண்ணாடியில் கையை வைத்தார். அட்டையிலே அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தார். எழுத்தில் பார்த்தாலும் அவருக்குத் தெரிந்த சொல். அன்றைக்குக் கிர்ஸ்டன் சொன்ன நீண்ட வசனம் எது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அதற்கு அவர் சிரித்துக்கொண்டு ஓம் என்று சொல்லியிருக்கிறார். அங்கே போட்டிருந்த வாங்கில் போய் இருந்துவிட்டார்.

"நான் ஓம் எண்டனான், பிள்ளை. என்ரை வாயாலை ஓம் எண்டு சொன்னனான்."

"அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அக்கா போனது ஒன்பதாம் திகதி. நீங்கள் இஞ்சை வந்தது பன்னிரண்டு. உங்கடை வாயாலை ஒண்டும் நடக்கேல்லை."

அவர் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப அண்டைக்கு நான் மூண்டாவதாச் சொன்னது பொய். கடைசியா ஓம் எண்டு சொன்னது உண்மை. எனக்கே தெரியாமல் வந்த உண்மை." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. பக்கத்தில் பார்க்க வந்த சனம் ஒதுங்கிப் போய்விட்டது.

அழுது முடிய எழும்பி முகத்தைத் துடைத்தார். "அந்த மனுசியிட்டைப் போவம். உள்ளதைச் சொல்லவேணும். இப்ப ஒரு பைலுக்கும் நான் பயப்பிடத் தேவையில்லை."

கிர்ஸ்டன் மேல்மாடியில் இருந்தாள். பாலேந்திரா சொல்லச் சொல்ல மேரிசெலின் டேனிஷில் சொன்னாள். வளையம் நான் வைத்தது. போன சித்திரையில், என் குசினியில். வெட்டிய மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கிர்ஸ்டன் ஆச்சரியப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். வளையம் பழையது இல்லை என்று கொப்பன்ஹேகனிலிருந்து ஐப்பசியிலேயே எழுதிவிட்டார்களாம், ஒட்டு மிகச் சுத்தமாயிருக்கிறதாம். "உங்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களே ஒருநாள் வருவீர்கள் என்று நினைத்தேன்" என்றாள். அட்டையைப் பழையபடியே வைத்தது தன் பிழை என்றும் சொன்னாள். காசு அரசாங்கத்துக்கு, ஆனால் வளையம் உங்களுடையது, விரும்பினால் கழற்றித் தரச் சொல்கிறேன் என்றாள்.

பாலேந்திரா தலையாட்டி மறுத்தார். "அறுக்கவேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை. அறுக்காமல் இருக்கத்தான் இவ்வளவும்."

கிர்ஸ்டன் கீழே போய்ப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து வந்தாள். புதிதாக அடிக்கும் வரைக்கும் இதிலேயே திருத்தி வைக்கலாம் என்று பேனையை எடுத்தாள். வளையத்தைப் பற்றிய இடத்தில், 1986இல் கண்டெடுத்தவரே செய்தது, யாழ்ப்பாணத்துப் பொற்கொல்லர், தன் மனைவிக்காக, என்று எழுதினாள். எழுதியதை மேரிசெலின் அவருக்குச் சொன்னாள். கடைசி வரி இனித் தேவையில்லைதானே என்று கேட்டுக்கொண்டு, கிர்ஸ்டன் அதை வெட்டுவதற்குப் பேனையைக் கொண்டுபோனாள்.

பாலேந்திரா கையை நீட்டி அட்டையை மறைத்தார். விரலால் அந்த வரியைத் தடவிக்கொண்டு போய், ஒரு சொல்லில் நிறுத்தினார்.

"வரி கிடக்கட்டும். இதை மட்டும் வெட்டச் சொல்லு, பிள்ளை."

அவருடைய விரல் மோஸ்கே என்ற சொல்லில் இருந்தது.

கிர்ஸ்டன் விளங்காமல் மேரிசெலினைப் பார்த்தாள். அருள்நாயகி இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. மேரிசெலின் அவளுக்கு ஒரே ஒரு வசனம் டேனிஷில் சொன்னாள். கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு குனிந்து, அந்த ஒரு சொல்லின் மேல் கோடு போட்டாள்.